மூன்று முறை கேட்க வேண்டும்

ஜனவரி 18, வியாழன்

பயிற்சி இன்று தொடங்கியது. திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு லாட்ஜின் மாடி ஹால். ஃபேன் சுற்றுகிறது, காற்றுதான் வரவில்லை. நாட்டில் எத்தனை பேருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்று வீடு வீடாகப் போய்க் கண்டறிகிற வேலை. இதற்கு முன் கழிப்பறைக் கணக்கெடுப்புக்குப் போயிருக்கிறேன், பிள்ளைகள் வாரத்துக்கு எத்தனை முட்டை சாப்பிடுகிறார்கள் என்ற கணக்கெடுப்புக்கும் போயிருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அடுத்தவர் வீட்டுக்குள் தலையை நீட்டுவதுதான் என் பிழைப்பு. இந்த முறை கேள்வியோடு ரத்தமும் எடுக்கிறோம்.

எங்கள் குழுவுக்கு நான்தான் பொறுப்பு. கேள்வி கேட்பது நான், விரலில் குத்துவது ஆக்னஸ். நர்ஸ் படித்த பெண், முப்பதுகூட இருக்காது. முன்பு மதுரையில் ஒரு எச்.ஐ.வி. சிகிச்சை மையத்தில் ஆலோசகராக இருந்தாளாம். சாப்பாட்டு இடைவேளையில் என் போனில் குடும்பப் படத்தைக் காட்டினேன். மகள் மிதுலாவைப் பார்த்துக் கொஞ்சுவாள் என்று பார்த்தால், என் வீட்டுக்காரர் முகத்தையே வெகுநேரம் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். அப்படிப் பார்க்கிற அளவுக்குக் கர்ணன் ஒன்றும் அழகர் இல்லை.

பயிற்சி கொடுத்த டாக்டரம்மா சொன்ன ஒரு விஷயம் மனதில் நின்றது. எந்தெந்த வீடு என்று கம்ப்யூட்டர் தேர்ந்தெடுத்துவிடும். அந்த வீட்டில் முடியாது என்றால் பக்கத்து வீட்டுக்குப் போகக் கூடாது. வேறு வேறு நேரத்தில் மூன்று முறை போய்க் கேட்க வேண்டும், முகம் சுளிக்காமல். அதற்குப் பிறகுதான் ‘மறுப்பு’ என்று போடலாம். ஏன் இவ்வளவு பாடு என்று நான்தான் கேட்டேன். “மறுக்கிறவங்கள்ல கொஞ்சப் பேரு தெரிஞ்சே மறுக்கிறவங்க. தனக்கு இருக்குன்னு தெரியும், அதான் கதவைச் சாத்துறாங்க. அவங்களை விட்டுட்டு எண்ணினா நம்ம எண்ணிக்கையே பொய்” என்றார்.

என்னிடம் மறுப்பே வராது. முட்டைக் கணக்கெடுப்பில் மாவட்டத்திலேயே நான்தான் முதல்.

ஜனவரி 20, சனி

வீட்டில் யாரையாவது உட்காரவைத்துக் கேள்வித்தாளை முழுக்கக் கேட்டுப் பழகி வரச் சொன்னார்கள். யாரைக் கேட்பேன், என் வீட்டு ராஜாவைத்தான். கர்ணன் அப்போதுதான் மோட்டார் கடையிலிருந்து வந்து, கை கழுவி, தோசைக்கு உட்கார்ந்திருந்தார். வயது, படிப்பு, வீட்டுக் கூரை ஓடா தளமா, எல்லாவற்றுக்கும் நக்கலாகப் பதில் சொன்னார். “மனைவி தொல்லை உண்டான்னு ஒரு கேள்வி போடலையா?” என்றார். மிதுலா விழுந்து விழுந்து சிரித்தாள். அவளை உள்ளே அனுப்பிவிட்டு, “இதற்கு முன்பு எப்போதாவது எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொண்டிருக்கிறீர்களா?” என்று படித்தேன்.

“இந்தா வந்துர்றேன். செட்டியார் தோட்டத்து மோட்டார் புகையுதுன்னு போன் வந்துச்சு, மறந்தே போனேன்” என்று பாதித் தோசையில் எழுந்து போய்விட்டார். ஆம்பளைகளுக்கு இந்த மாதிரிக் கேள்வி என்றால் கூச்சம். பாதிப் பேட்டி என்று குறித்துக்கொண்டேன்.

மிச்சத்தை எனக்கு நானே கேட்டுப் பதில் எழுதினேன். பரிசோதனை செய்ததுண்டா? உண்டு, மிதுலா வயிற்றில் இருக்கும்போது; ஒன்றுமில்லை. ஆணுறை பயன்படுத்துகிறீர்களா? எப்போதும். நான்கு வருஷமாக, ஒரு நாள் தவறாமல். “உனக்கு ஆப்பரேஷன் எல்லாம் வேணாம், நான் பாத்துக்கிறேன்” என்று அவரே ஆரம்பித்தது. இத்தனை வீடு ஏறி இறங்குகிறேன், இப்படிப் பொறுப்பான புருஷனை எங்கேயும் பார்த்ததில்லை. பெருமையாகத்தான் இருக்கிறது. இங்கே எழுதினால் யார் திருஷ்டி போடப்போகிறார்கள்.

ஜனவரி 29, திங்கள்

களத்தில் முதல் நாள். பூசாரிபட்டி. நான் சொல்ல வேண்டியதை இனிமேல் தூக்கத்திலும் சொல்வேன்: “உங்க பேரு எங்கயும் போகாது. பேருக்குப் பதிலா இந்த பார்கோடு மட்டும்தான். ரிசல்ட்டை உங்ககிட்ட மட்டும், தனியா, இங்கயே சொல்லுவோம். உங்க வீட்டுக்காரருக்கும் சொல்ல மாட்டோம், மாமியாருக்கும் சொல்ல மாட்டோம். நீங்களா சொன்னாத்தான் உண்டு.”

ஒரு சொட்டு ரத்தத்தைச் சோதனைக் கிட்டில் விடுவோம், கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும். சில சொட்டுகளைத் தடித்த அட்டையில் வைத்து, காயவிட்டு, ஆய்வகத்துக்கு அனுப்புவோம். எங்களிடம் தெரிந்துகொள்ள வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு மஞ்சள் சீட்டு. அதைக் கொண்டுபோனால் எந்த மையத்திலும் காசில்லாமல் பார்க்கலாம், பேர்கூடக் கேட்க மாட்டார்கள்.

நல்ல வெயில். மூன்று மாதத்துக்கு முன் தைத்த ரவிக்கை தொளதொளவென்று கிடக்கிறது. இளைத்திருக்கிறேன். காசு கொடுத்து ஜிம்முக்குப் போகிறவர்கள் எங்களோடு வரலாம்.

பிப்ரவரி 2, வெள்ளி

மாதத்தின் முதல் வெள்ளி. கர்ணன் வழக்கம்போல விடியற்காலையில் மஞ்சப்பையோடு மதுரைக்குப் போனார், ஸ்பேர் பார்ட்ஸ் வாங்க. மழையோ வெயிலோ, இந்த ஒரு நாள் மட்டும் தவறாது. ஆனால் திரும்பி வரும்போது பையில் ஒரு பேரிங்குகூட இருந்து நான் பார்த்ததில்லை. நேராகக் கடையில் இறக்கிவிடுவாராக இருக்கும்.

சாயங்காலம் மஞ்சள் சீட்டு ஒன்று குறைந்தது. ஆக்னஸைக் கேட்டால் திருதிருவென்று விழிக்கிறாள். கடைசியில் என் கைப்பையின் சைடு ஜிப்புக்குள் மடித்துக் கிடந்தது. எப்படி அங்கே போனதோ. எடுத்துச் சீட்டுக் கட்டோடு சேர்த்தேன். கணக்கு சரி.

பிப்ரவரி 9, வெள்ளி

இரண்டு நாளாக விட்டு விட்டுக் காய்ச்சல், வாயெல்லாம் புண். மாத்திரை போட்டுக்கொண்டு போனேன்.

வழியில் வாய்க்காலில் கால் கழுவும்போது சேலை விலகி இடுப்புத் தழும்பை ஆக்னஸ் பார்த்துவிட்டாள். “இது என்னக்கா?” போன வருஷம் அக்கி வந்தது, குயவர் வீட்டில் போய்க் காவியால் அக்கி எழுதிக்கொண்டு வந்ததில் ஆறிவிட்டது என்றேன். முகம் செத்துவிட்டது அவளுக்கு. இங்கிலீஷ் மருத்துவம் படித்தவர்களுக்கு அக்கி எழுதுவது என்றாலே ஆகாது.

கொஞ்ச நேரம் கழித்து, “நம்மளும் ஒரு தடவ டெஸ்ட் எடுத்து வெச்சுக்கிட்டா நல்லதுக்கா. மாவட்ட ஆஸ்பத்திரி மையத்துக்கு ஒரு நாள் போயிட்டு வருவமா? நானும் கூட வர்றேன்” என்றாள்.

“எனக்கெல்லாம் பிள்ளை உண்டானப்பவே பாத்தாச்சுடி” என்றேன்.

“அது எட்டு வருஷம் ஆச்சேக்கா.”

“எட்டு வருஷத்துல நான் என்ன ஊர் மேயப் போனேனா?” என்று சுள்ளென்று கேட்டுவிட்டேன். சின்னப் பெண், எது எதை யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

பிப்ரவரி 14, புதன்

மறுபடியும் சீட்டு குறைந்தது. இது மூன்றாவது தடவை! போன வாரம் என் டிபன் பாக்ஸ் கூடையில் கிடந்தது, இன்றைக்கு என் குடைக்குள்ளிருந்து விழுகிறது. எல்லார் முன்னாலும் ஆக்னஸைப் பிடிபிடி என்று பிடித்துவிட்டேன். “எண்ணி வைக்கத் தெரியாதா? கணக்கு இடிச்சா பதில் சொல்றது நானு!” அவள் தலையைக் குனிந்துகொண்டு, “சரிக்கா” என்றாள். கண்ணில் தண்ணீர்.

பாவமாகத்தான் இருந்தது. ராத்திரி கர்ணனிடம் சொன்னேன், இப்படி ஒரு அசட்டுப் பெண் குழுவில் வந்து வாய்த்திருக்கிறது, மதுரை மையத்தில் வேலை பார்த்தவளாம், ஆக்னஸ் என்று பேர் என்றேன். “அதுக கூட எல்லாம் அளவா வெச்சுக்க” என்றார். ஒன்பது மணி அலாரம் அடித்தது. அவருடைய சத்து மாத்திரைக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். நான்கு வருஷத்துக்கு முன் அவருக்கு நெஞ்சுச் சளி கட்டி ஆறு மாதம் படுத்தி எடுத்தது. அதிலிருந்து எழுந்தபோது டாக்டர் எழுதிக்கொடுத்ததாம். அலாரம் வைத்து மாத்திரை சாப்பிடுகிற ஒழுக்கம் என்னிடம் இல்லை.

பிப்ரவரி 19, திங்கள்

மேட்டுக்களம். ஊரே முடிந்தது, ஒரே ஒரு வீடு பாக்கி. சீரங்கன் என்று ஒரு பெரியவர், ஆட்டுத் தரகர். மகன் திருப்பூரில், வீட்டில் மருமகள் மட்டும். முதல் தடவை ஆடு பார்க்கப் போகிறேன் என்றார். இன்றைக்கு இரண்டாம் தடவை, கதவைத் திறக்காமலே, “எங்க வீட்டு ரத்தத்த நாங்களே வெச்சுக்கிறோம் தாயி, போயிட்டு வா” என்றார். அவர் சரி என்றால்தான் மருமகளும் கை நீட்டுவாள்.

மறுப்பே இல்லாமல் முடிக்கிறேன் என்று மேற்பார்வையாளரிடம் சவால் விட்டிருக்கிறேன். புதன்கிழமை காலையில் போகிறேன். பார்த்துவிடுவோம்.

பிப்ரவரி 21, புதன்

மேட்டுக்களம் முடிந்தது. சீரங்கன் வீடும் சேர்த்து. மறுப்பு இல்லை.

பிப்ரவரி 22, வியாழன்

நேற்று முழுக்க எழுத முடியவில்லை. இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

பெரியவர் திறந்த வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் என் வழக்கமான பாட்டைப் பாடி முடித்தேன். கிட்டையும் காட்டினேன். “இதுல ஒரு கோடு வந்தா ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம். ரெண்டு கோடு வந்தா திரும்பவும் நல்லாப் பாக்கணும்.”

அவர் சிரித்தார். “ஊரான் ரத்தத்த எடுக்கத்தான ஓடி ஓடி வர்ற? மொதல்ல உன் ரத்தத்த எடு. என் கண்ணு முன்னாடி வெயி. அப்புறம் நான் வெரல நீட்டுறேன்.”

“இவ்வளவுதானா?” என்று விரலை நீட்டிவிட்டேன். ஆக்னஸ் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “வேணாம்க்கா. கிட் கணக்கு இடிக்கும்.” நான் எழுதிக்கொள்கிறேன் என்றேன். “ரூல்ஸ் இல்லக்கா. தனியாத்தான் பாக்கணும்.” குத்துடி என்றேன். “அக்கா, இங்க வேணாம், உங்க கால்ல வேணா விழறேன்” என்று காதோடு சொன்னாள். இவ்வளவு கெஞ்ச என்ன இருக்கிறது என்று எனக்கு எரிச்சல். என் சவால், என் மறுப்பில்லாத கணக்கு. அவள் கையிலிருந்து ஊசியைப் பிடுங்கி நானே குத்திக்கொண்டு, நானே சொட்டு விட்டேன். இத்தனை நாள் பார்த்ததில் அதுகூடவா தெரியாது.

மருமகள் டீ போட உள்ளே போனாள். நான் பெரியவரோடு ஆட்டு விலை பேசிக்கொண்டிருந்தேன். கால் மணி நேரம் ஆனதும் சிரித்துக்கொண்டே குனிந்து பார்த்தேன்.

இரண்டு கோடு.

கிட் கெட்டுப்போயிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படிச் சொல்வதற்காக ஆக்னஸைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கிட்டைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதுகொண்டிருந்தாள். ஆனால் அந்த முகத்தில் திடுக்கிடல் துளிகூட இல்லை. எத்தனையோ நாளாக எதிர்பார்த்திருந்த சாவுச் செய்தி வந்த வீட்டில் அப்படி ஒரு முகத்தைப் பார்த்திருக்கிறேன்.

பெரியவருக்கும் புரிந்துவிட்டது, நான்தானே சொல்லிக்கொடுத்திருந்தேன். மருமகள் டம்ளர்களோடு வெளியே வருகிற சத்தம் கேட்டதும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கிட்டின் மேல் போட்டார். “ஒத்தக் கோடுதான்த்தா. நான் பாத்துட்டேன். நீயும் கைய நீட்டு” என்று மருமகளிடம் சொல்லிவிட்டு, தன் விரலை ஆக்னஸிடம் நீட்டினார். அதன் பிறகு என் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. மறுப்பு இல்லாமல் முடிந்தது இப்படித்தான்.

ஊருக்கு வெளியே புளியமரத்தடியில் ஆக்னஸின் தோளைப் பிடித்து உலுக்கினேன். “உனக்கு முன்னாடியே தெரியும். எப்படித் தெரியும்?”

“உங்களப் பத்தி எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமாத் தெரியாது. பயந்தேன், அவ்வளவுதான்.”

“யாரைப் பத்தித் தெரியும்?”

மதுரை மையம், என் போன் படம், அவள் வெகுநேரம் பார்த்த முகம். கேள்வி கேட்டே பிழைக்கிறவளுக்கு அதற்கு மேல் பதில் எதற்கு?

“சொல்லுடி. நீ என் தங்கச்சி மாதிரின்னு நெனச்சனேடி!”

“நான் எதும் சொல்ல முடியாதுக்கா. ஒவ்வொரு வாசல்லயும் நீங்க சொல்றீங்களே, வீட்டுக்காரருக்கும் சொல்ல மாட்டோம், மாமியாருக்கும் சொல்ல மாட்டோம்னு. அதே சத்தியத்த நானும் பண்ணிருக்கேன்.” பிறகு விம்மிக்கொண்டே சொன்னாள்: “மூணு தடவ சீட்டு வெச்சேனேக்கா. பைக்குள்ள வெச்சேன், கூடையில வெச்சேன், கொடைக்குள்ள வெச்சேன். நீங்கதான் எண்ணி எண்ணித் திருப்பி வெச்சீங்க.”

அவளை அடிக்கக் கை ஓங்கினேன். அடிக்கவில்லை. ஆனால் இவளும் எனக்குத் துரோகம் செய்தவள்தான். என்னோடு ஒரே இலையில் சாப்பிட்டுக்கொண்டு, தெரிந்துகொண்டே சும்மா இருந்தவள். எந்தச் சத்தியமாக இருந்தால் எனக்கென்ன?

பிப்ரவரி 23, வெள்ளி

மாவட்ட ஆஸ்பத்திரி மையத்தில் மூன்று விதமாகப் பார்த்தார்கள். மூன்றிலும் அதேதான். ஆலோசகர் பெண், “இது இப்ப சர்க்கரை மாதிரிதாம்மா, தினம் மாத்திரை சாப்பிட்டா முழு ஆயுசும் இருக்கலாம்” என்றாள். எனக்குத் தெரியும், நானே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். “ஆனா கொஞ்சம் லேட்டா வந்திருக்கீங்க. எதிர்ப்பு சக்தி ரொம்பக் கொறைஞ்சிருக்கு. ரெண்டு மூணு வருஷம் முன்னாடியே ஆரம்பிச்சிருந்தா இந்தக் காய்ச்சல், அக்கி எதுவுமே வந்திருக்காது.”

எந்த ஊர் மையத்தில் மாத்திரை வாங்கிக்கொள்கிறீர்கள் என்று கேட்டாள். தெரிந்தவர்கள் பார்ப்பார்கள் என்று சிலர் வெளியூர் கேட்பார்களாம். மதுரை என்றேன். என்றைக்கு என்றாள். வருகிற வெள்ளி என்றேன்.

பிப்ரவரி 24, சனி

மிதுலாவுக்கு ஒரே கோடு. ஆஸ்பத்திரிக் கேன்டீனில் இரண்டு குலாப் ஜாமூன் வாங்கிக்கொடுத்தேன். எதற்கு ஊசி குத்தினார்கள் என்று கேட்டாள், ஸ்கூலில் கேட்டார்கள் என்றேன். நானும் பொய் சொல்லப் பழகிவிட்டேன்.

பிப்ரவரி 25, ஞாயிறு

யோசித்துப் பார்த்தால், ஒரு தடவை ஏற்கெனவே கேட்டாகிவிட்டது. ஜனவரியில், பாதித் தோசையில். எனக்கே தெரியாமல் கேட்டது, ஆனாலும் கணக்கில் வரும். இன்றைக்கு இரண்டாவது தடவை.

மிதுலா டிவி முன்னால் இருந்தாள். அடுக்களைக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை, முகம் சுளிக்கவில்லை, வாசலில் எப்படிப் பேசுவேனோ அப்படியே. “எனக்கு எச்.ஐ.வி. இருக்குன்னு ரிசல்ட் வந்திருக்கு. நீங்க எங்கிட்ட ஏதாச்சும் சொல்லணுமா?”

முகம் வெளுத்துவிட்டது. அழுவார் என்று நினைத்தேன். சுகந்தி, என்னை மன்னித்துவிடு என்பார் என்று நினைத்தேன். அதை மட்டும் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அனேகமாகச் சேர்ந்து அழுதிருப்பேன்.

“உனக்கு எப்படி வந்துச்சு?” என்றார்.

“அதத்தான் நானும் கேக்குறேன்.”

“ஊர் ஊராச் சுத்துற. எவன் எவன் ரத்தத்துலயோ கைய வெக்கிற. வேணாம் வேணாம்னு தலையால அடிச்சுக்கிட்டனே, கேட்டியா?” அவர் ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. “ஐயோ, என்னையும்ல கெடுத்துருப்ப! நானும்ல இனிமே போயிப் பாக்கணும்!”

சொல்லிவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். என்ன நடிப்பு! இவரோடு பத்து வருஷம் ஒரே பாயில் படுத்திருக்கிறேன்.

பிறகு குரலைத் தாழ்த்தி, “வெளிய மூச்சு விடாத. பொம்பளப் பிள்ள இருக்கு. உங்கண்ணன் கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்? எங்கிட்டோ போயி வாங்கிட்டு வந்துட்டான்னுதான சொல்ல முடியும்?” என்றார். கேட்கிறவர்களும் அதைத்தான் நம்புவார்கள். இருபது ஊர் சுற்றுகிறவள் நான், ஒரே கடையில் உட்கார்ந்திருக்கிறவர் அவர்.

அப்போது ஒன்பது மணி அலாரம் அடித்தது.

இரண்டு பேரும் அந்தப் போனையே பார்த்தோம். அவர் அதை அணைத்தார். டப்பாவைத் திறந்தார். தண்ணீருக்காக ஒரு கணம் என்னைப் பார்த்தார், பழக்கதோஷம். நான் நகரவில்லை. தானே மோந்து, என் கண் முன்னாலேயே மாத்திரையை விழுங்கினார்.

இதுதான் எனக்கு ஆறவில்லை. நோய் தெரியாமல் வந்தது, தெரியாமல் கொடுத்தது என்றே வைத்துக்கொள்கிறேன். தெரிந்த பிறகு எனக்கு மேலும் வந்துவிடக் கூடாதே என்று உறை போட்டாயே, அப்போதே ஏற்கெனவே வந்திருக்குமோ என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லையா? தோன்றியிருக்கும். காய்ச்சலில் நான் முனகிக்கொண்டு கிடந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து அந்த மாத்திரையை விழுங்கினாயே. அக்கி எழுதக் குயவர் வீட்டுக்கு என்னை வண்டியில் கூட்டிப்போனதே நீதானே. நான்கு வருஷம் நீ மட்டும் பிழைத்துக்கொண்டாய், கர்ணா. அதுவும் நான் கொண்டுவந்து கொடுத்த தண்ணீரில்.

பிப்ரவரி 27, செவ்வாய்

ஆக்னஸ் களத்தில் பக்கத்தில் வந்து நின்றாள். நடந்ததைச் சொன்னேன், அவள் கேட்கவில்லை என்றாலும். “நான் வர்றேன்க்கா. உங்கண்ணன் முன்னாடி, யாரு முன்னாடி வேணா வந்து நிக்கிறேன். தெரிஞ்சதச் சொல்றேன். வேலை போனாப் போகட்டும்.”

வேண்டாம் என்றேன். பெரிய மனது எல்லாம் ஒன்றும் இல்லை. அவள் வாயால் வந்தால், நாளைக்கு எந்த வாசலில் நின்று பேர் வெளியே போகாது என்று நான் சொல்வேன்? அது ஒரு காரணம். அவர் வாயாலேயே வரவழைக்க வேண்டும் என்கிற வெறி அதைவிடப் பெரிய காரணம்.

அவளை இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் மத்தியானம் டிபன் பாக்ஸை அவள் பக்கம் நகர்த்தினேன். சாயங்காலம் சீட்டுக் கட்டிலிருந்து ஒன்றை நானே உருவி எடுத்துக்கொண்டேன். அவள் எண்ணிப் பார்த்துவிட்டு, “சரியா இருக்குக்கா” என்றாள்.

மார்ச் 1, வெள்ளி

கர்ணனிடம் வத்தலக்குண்டுப் பக்கம் வேலை என்று சொல்லிவிட்டு, அவருக்கு முந்தின பஸ்ஸில் மதுரைக்குப் போனேன். மையத்தில் மஞ்சள் சீட்டோடு மாவட்ட ஆஸ்பத்திரி ரிசல்ட்டையும் கொடுத்தேன், மாத்திரைக்கு என்பதால் பெயரைப் பதிந்துகொண்டு டோக்கன் கொடுத்தார்கள். வாசலைப் பார்த்தமாதிரி ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். முகத்தை மூடிக்கொண்டு நான்கைந்து பெண்கள், கல்லூரிப் பையன் ஒருவன், கோயிலுக்கு வந்ததுபோலப் பட்டு வேட்டியில் ஒருவர். நான் முகத்தை மூடவில்லை.

பத்தரை இருக்கும். அதே மஞ்சப்பையோடு வந்தார். கவுன்ட்டரில் இருந்த பெண், “வாங்கண்ணே, எப்பவும் போல டான்னு வந்துட்டீங்க” என்று சிரித்தாள். இவரும் சிரித்தார். வீட்டில் நான் பார்த்து வெகுநாளான, ஒளிவுமறைவில்லாத சிரிப்பு. பையிலிருந்து காலி டப்பாவை எடுத்துக் கொடுத்துவிட்டு, உட்கார இடம் தேடித் திரும்பினார்.

என்னைப் பார்த்ததும் டோக்கன் கையிலிருந்து விழுந்துவிட்டது. வாசலைத் திரும்பிப் பார்த்தார். ஓடிவிடுவார் என்றுதான் நினைத்தேன். பாதித் தோசையில் எழுந்து போனவர்தானே. ஆனால் மாத்திரை இன்னும் வாங்கவில்லையே.

என் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடம் விட்டேன். “உக்காருங்க” என்றேன். “இது மூணாவது தடவ.”

உட்கார்ந்தார். எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல விருப்பமில்லையென்றால் சொல்ல வேண்டியதில்லை, எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம் என்று, வாசலில் சொல்வதை முழுக்கச் சொன்னேன். பிறகு ஜனவரியில் விட்ட இடத்திலிருந்து கேட்டேன். “இதற்கு முன்பு எப்போதாவது எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொண்டிருக்கிறீர்களா?”

கீழே கிடந்த டோக்கனைக் குனிந்து எடுத்தார். “ம்” என்றார்.

“எப்ப?”

“நெஞ்சுச் சளி வந்தப்ப.”

“மனைவிகிட்டச் சொன்னீங்களா?”

மூக்கை உறிஞ்சினார். “நீ விட்டுட்டுப் போயிருவன்னு பயந்தேன், சுகந்தி” என்றார். அது உண்மையாகவே இருக்கலாம். நான் செத்துப் போய்விடுவேனோ என்று மட்டும் இவருக்குப் பயம் வரவில்லை.

“எங்கண்ணன்கிட்ட இத நீங்களே சொல்லணும். நாளைக்கே” என்றேன். தலையாட்டினார். அவர் தலையாட்டல் எனக்குப் போதாது, நாளைக்கு நானும் கூடவே போகிறேன்.

உள்ளேயிருந்து அடுத்த ஆள் என்று கூப்பிட்டார்கள். பழைய ஆட்களுக்குத் தனி வரிசை, அதில் அவருடைய முறை. எழுந்தவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நீ மொதல்ல போம்மா” என்றார்.

“நாலு வருஷமா நீங்கதான மொதல்ல போனீங்க. போயிட்டு வாங்க. எனக்கு என் நம்பர் வரும்” என்றேன்.

வந்தது. எடை பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், ஒரு வெள்ளை டப்பா கொடுத்தார்கள். இதே டப்பாவைத்தான் கடையிலேயே காலிசெய்து, மாத்திரைகளைச் சத்து மாத்திரை டப்பாவுக்கு மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார், மாதாமாதம்.

பஸ்ஸில் தனித்தனி சீட்டில் வந்தோம். மிதுலாவுக்குச் சோறு ஊட்டித் தூங்கவைத்தேன். இனி எங்கே இருப்பது, எப்படி இருப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. திங்கட்கிழமை புது ஊர், ஆக்னஸ் வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டு அனுப்பியிருக்கிறாள்.

ஒன்பது மணிக்கு அவருடைய அலாரம் அடித்தது. எழுந்து அடுக்களைக்குப் போய், ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து, என் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, நான் குடித்தேன்.